டெஸ்பாட்ச் நம்பர் நாற்பத்தொன்று

முத்துப்பேச்சி அழவில்லை. அதுதான் நாகஜோதிக்குச் சங்கடமாக இருந்தது. அழுகிறவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். மஞ்சப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பேசுகிறவளை என்ன செய்வது?

"திங்கக்கெழம காலைல வீட்ட ஏலம் விடுதாங்க. அவிய நாற்காலியில உக்காந்திருக்காவ. மூணு நாளா அதே நாற்காலி. 'பணம் கட்டியாச்சு, லெட்டர் இருக்கு'ன்னு மட்டும் சொல்லுதாவ. சோறு வச்சாத் திங்காவ. வைக்கலன்னா கேக்க மாட்டேங்காவ."

அவிய என்றது அவள் புருஷன் இருளப்பசாமியை. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வந்தவர். ஊர் தேவதானம். மகளை நர்சிங் படிக்க வைக்கவும் தோட்டத்தில் போர்க் கிணறு போடவும் வீட்டை அடகு வைத்து பாங்கில் ஆறு லட்சம் வாங்கினார். மகள் படித்து முடித்தாள். முதல் போரில் தண்ணீர் வரவில்லை. இரண்டாவது போரிலும் அதே தண்ணீர்தான் வரவில்லை. தவணை நின்றது. பாக்கி நாலு லட்சத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றபோது, 'வீரக்கவசம் முன்னாள் படைவீரர் கடன் நிவாரண மையம்' என்று ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. அங்கே இருந்த கேப்டன், ஒரு லட்சத்து அறுபதாயிரம் வாங்கிக்கொண்டு மொத்தக் கடனும் தீர்ந்ததாக பாங்குக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். முத்துப்பேச்சியின் கழுத்திலும் காதிலும் இருந்தது போன வழி அது.

"பாங்குல போயிக் கேட்டேன். 'இது எங்க லெட்டரே இல்ல'ன்னுட்டாங்க. ஆனா அந்த மேனேஜர் தம்பி நல்ல பிள்ள. 'இன்னைக்கு சனிக்கெழம, சீவில்லிபுத்தூர் கோர்ட்டுல மக்கள் நீதிமன்றம் நடக்கு. எங்க மேசை ரெண்டு மணி வரைக்கும் இருக்கும். ஒங்க வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டா வட்டியத் தள்ளிட்டு தவணையாக்கித் தாரோம், ஏலம் நின்னுரும்'னாரு. அவிய வர மாட்டேங்காவ. கோர்ட்டுப் படி ஏறினா லெட்டர் செல்லாதுன்னு கேப்டன் சொல்லியிருக்காராம். காலைல ஒம்போது மணிக்குக் கூட போன் போட்டு அதையே சொன்னாரு. அவியளுக்கு ஆர்டர்னா ஆர்டர்தான்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். சேக் முகைதீன், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். அதற்கு முன்னால் முப்பத்திநாலு வருடம் தபால்காரர். உறையைக் கையில் ஏந்தினாலே உள்ளே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவார். இந்த ஊர் நாய் ஒன்று அவரை ஒருமுறை கடித்துவிட்டு, பிறகு மனம் திருந்தி, பதினோரு வருடம் தபால் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது. அந்த நாய்க்கு இலாகா பென்ஷன் கொடுக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு.

நாகஜோதி அவருக்கு உதவி. ஸ்கூட்டர் ஓட்டுவாள், வாய் ஓட்டுவாள். இரண்டிலும் பிரேக் கொஞ்சம் சுமார். மதுரையில் கடன் வசூல் கம்பெனி ஒன்றில் மூன்று மாதம் போனில் பேசும் வேலை பார்த்தவள். எழுதிக் கொடுத்த வசவை ஒரு நாள் ஒரு பெரியவரிடம் படித்தாள். பழைய பட்டாளத்துக்காரர். ஒவ்வொரு வசவுக்கும் அவர் "சரிங்கம்மா" என்றார். ஏழாவது "சரிங்கம்மா"வில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவள், திரும்பப் போகவில்லை. சம்பள பாக்கிகூட வாங்கவில்லை.

"எத்தன பேரு இப்பிடி?" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு பதினோரு குடும்பம்."

"வேற யாருட்டயாவது சொன்னியளா?" என்றார் சேக் முகைதீன்.

"நம்ம முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் விஜயபாண்டி அண்ணாச்சிட்ட சொன்னேன். தங்கமான மனுசன். பட்டாளத்துல இவிய இருந்த ஆபீசுலதான் அவரும் இருந்தாரு. எல்லாருக்கும் மனு எழுதிக் குடுப்பாரு, ஒத்தப் பைசா வாங்க மாட்டாரு. டெல்லிக்கே நேத்து மனு எழுதிக் குடுத்தாரு. பதில் வர நாப்பது நாளாகும், அது வரைக்கும் எங்கயும் அலைய வேண்டாம்னாரு."

மஞ்சப்பையிலிருந்து இரண்டு தாள் வந்தது. ஒன்று அந்த பாங்குக் கடிதம். இன்னொன்று நேற்றைய மனுவின் நகல். இரண்டும் கம்ப்யூட்டரில் அடித்தவை. மனு அழகாக இருந்தது. பத்திக்குப் பத்தி நம்பர், வலது மேல் மூலையில் 'எண் 58' என்று ஒரு நம்பர். சேக் முகைதீன் இரண்டையும் ஒவ்வொரு கையில் ஏந்தி எடை பார்த்துவிட்டு, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி ஜோதி," என்றார். "கடன்ல கெடக்கவனுக்குக் கடன் குடுக்கவன் ஒரு ரகம். கடன்ல கெடக்கவன்ட்டயே திருடுதவன் இன்னொரு ரகம். ரெண்டாவது ரகத்த நான் இன்னும் கிட்டத்துல பாத்ததில்ல. போயிப் பாப்போம்."

அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான்.

'வீரக்கவசம்' தென்காசி ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. படி எவ்வளவு செங்குத்து என்றால், ஏறி முடித்தவனுக்குக் கேள்வி கேட்க மூச்சு மிச்சம் இருக்காது. அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்திருப்பார்கள் என்று நாகஜோதி நினைத்தாள்.

உள்ளே முதலில் மீசை தெரிந்தது. பிறகு அதற்குப் பின்னால் கேப்டன் சௌந்தரபாண்டியன் தெரிந்தார். எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு சல்யூட் அடித்தார். மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது.

"ஜெய்ஹிந்த். வாங்க, உக்காருங்க. யாருக்குக் கடன்?"

"எங்க அண்ணனுக்கு. பட்டாளத்துல இருந்து வந்தவரு," என்றாள் நாகஜோதி.

அவர் வழவழப்பான நோட்டீஸ் ஒன்றை நீட்டினார். 'உங்கள் முன் மூன்று வழிகள்' என்று போட்டிருந்தது. முதல் வழி: கடனில் நூற்றுக்கு நாற்பது பங்கை எங்களிடம் கட்டினால் மீதியை நாங்கள் தள்ளுபடி செய்து தருவோம். இரண்டாம் வழி: பாங்கிலிருந்து எந்தத் தபால் வந்தாலும் பிரிக்காமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் வழி: பென்ஷன் வரும் ஏ.டி.எம். கார்டை எங்கள் பொறுப்பில் விடுங்கள்.

"மூணு வழியும் ஒரே பைக்குள்ள போயி விழுது போல," என்றாள்.

"இல்லைன்னா பாங்குக்காரன் பென்ஷன ஜப்தி பண்ணிருவான், தங்கச்சி. அப்புறம் வாழ்நாள் பூரா..."

"பண்ண முடியாது," என்றார் சேக் முகைதீன். "பட்டாளத்துப் பென்ஷன எந்தக் கோர்ட்டும் ஜப்தி பண்ண முடியாது. அதுக்குச் சட்டம் இருக்கு. அத விடுங்க. தொப்பி அங்க ஆணியில தொங்குதே, கேப்டன்."

"ஆமா. அதுக்கென்ன?"

"முப்பத்திநாலு வருசம் பட்டாளத்துக்காரவிய வீட்டுக்குத் தபால் கொண்டு போயிருக்கேன். வெறுந்தலையோட எவனும் சல்யூட் அடிச்சுப் பாத்ததில்ல. தொப்பி இல்லன்னா வெறைப்பா நிப்பான், அம்புட்டுதான். நீங்க எங்க பழகினிய?"

மீசை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆள் மெல்லச் சுருங்கினார். தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"மில்லு கேட்டுல," என்றார் கடைசியில். "இருவத்திரெண்டு வருசம் வாச்மேன். உள்ள வார லாரிக்கெல்லாம் அடிச்சுப் பழகிட்டுது."

"லாரி திருப்பி அடிச்சுச்சா?" என்றாள் நாகஜோதி. பிறகு அவளுக்கே சிரிப்பு வரவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "தேவதானத்துல ஒருத்தர் மூணு நாளா நாற்காலிய விட்டு எந்திரிக்கல. காலைல ஒம்போது மணிக்கு அவருக்குப் போன் போட்டு, கோர்ட்டுக்குப் போகாதன்னு சொன்னது நீங்கதான?"

"எழுதிக் குடுத்தத வாசிச்சேன், தங்கச்சி. எனக்கு மாசம் பதினஞ்சாயிரம் சம்பளம். நடிக்கிறது மட்டுந்தான் என் வேலை. வார பணத்த அந்தப் பீரோவுல வச்சுப் பூட்டுவேன். இன்னொரு சாவி யாருட்டயோ இருக்கு. ஞாயித்துக்கெழம கழிச்சு வந்து பாத்தா பணம் இருக்காது. யாரு, என்னன்னு சத்தியமாத் தெரியாது. கதவுக்கு அடியில கவர் வரும், அதுல என்ன போட்டிருக்கோ அதச் செய்வேன்."

எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். நாகஜோதிக்குக் காதில் பழைய ஹெட்போன் மாட்டின மாதிரி இருந்தது. கையை ஓங்கியவள், ஓங்கிய கையால் மின்விசிறியை நிறுத்தினாள். "கவர எடுங்க."

நேற்று வந்த தாள் அது. கம்ப்யூட்டரில் அடித்தது. கையெழுத்து கிடையாது, பெயர் கிடையாது.

'1. நாளை சனிக்கிழமை மக்கள் நீதிமன்றம். 2. பதினோரு பேரில் எவரும் போகக் கூடாது. 3. காலை 0900 மணிக்கு ஒவ்வொருவருக்கும் போன் செய்யவும்.'

சேக் முகைதீன் பாங்குக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் பத்திக்குப் பத்தி நம்பர். 'தாங்கள் 1030 மணிக்கு நேரில் செலுத்திய தொகை' என்று நடுவில் ஒரு வரி.

"பாங்குக்காரன் காலை பத்தரை மணின்னு எழுதுவான். ஆயிரத்து முப்பது மணின்னு எழுதுதவன் ஒருத்தந்தான்," என்றார். "கேப்டன் பொய்யி. ஆனா கடுதாசி எழுதினவன் நெசமான பட்டாளத்துக்காரன். அதுலயும் ஆபீசுல கிளார்க்கா இருந்தவன். அந்தப் பழக்கம் விடாதுட்டீ. பொண்டாட்டிக்கு எழுதுத கடுதாசியிலயே நம்பர் போட்ட ஆள எனக்குத் தெரியும். அஞ்சாவது பத்தியில முத்தம் இருந்துச்சு."

"அடுத்தவிய கடுதாசியப் படிச்சியளா பாய்?"

"போஸ்ட் கார்டு. நல்ல மழை. எழுத்து அழிஞ்சிருமேன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயி அந்தப் பிள்ளைட்ட ஒப்பிச்சேன். நம்பரோட."

சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். இரண்டு தாளின் வலது மேல் மூலையையும் பார்த்தார். பாங்குக் கடிதத்தில் 'எண் 41'. கவரில் வந்த தாளில் 'எண் 57'.

"கதவுக்கு அடியில தள்ளுத மொட்டக் கடுதாசிக்கு எதுக்கு நம்பர்?" என்றாள் நாகஜோதி.

அவர் சட்டைப் பையிலிருந்து மூன்றாவது தாளை எடுத்து, ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தார். வாயிலிருந்த வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பினார். போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகாத வெற்றிலை.

"ஆளு தெரிஞ்சிட்டு," என்றார். "தெரியாமலே இருந்திருக்கலாம். வண்டிய எடு, சீவில்லிபுத்தூருக்கு. அதுக்கு முன்னால கேப்டன் ஒரு போன் போடணும்."

"யாருக்குங்க?"

"இருளப்பசாமிக்கு. அவரு நாங்க கெஞ்சினா வர மாட்டாரு. பொண்டாட்டி அழுதாலும் வர மாட்டாரு. நீரு ஆர்டர் போட்டா வருவாரு. பன்னெண்டரை மணிக்கு சீவில்லிபுத்தூர் கோர்ட்டுல, பென்ஷன் புக்கு, பாஸ்புக்கு, டிஸ்சார்ஜ் புக்கோட ஆஜராகணும்னு சொல்லும். மத்த பத்துப் பேருக்கும் அதே. இத்தன மாசம் பொய்யி சொல்லிச் சம்பாதிச்ச குரலு, ஒரு தடவ நல்லது சொல்லட்டும்."

சௌந்தரபாண்டியன் போனை எடுத்தார்.  ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பேசினார். குரல் பழையபடி விறைப்பாக வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் அன்று கல்யாண வீட்டுக் கூட்டம். உள்ளே வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாங்கின் பெயர். வெளியே வேப்பமர நிழலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் விஜயபாண்டி. வெள்ளைச் சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பக்கத்தில் பழைய தோல் பை. எதிரே நின்ற இரண்டு பெரியவர்களிடம், "ஒங்க பேரு இன்னைக்கு லிஸ்ட்டுல இல்லைய்யா. வெயில்ல நிக்காதிய. நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வாங்க," என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"நல்ல மனுசன் பாய்," என்றாள் நாகஜோதி. "லீவு நாள்லயும் வந்து உக்காந்திருக்காரு."

"ஆமா," என்றார் சேக் முகைதீன். "அந்தப் பெரியவிய ரெண்டு பேரையும் ஓடிப்போயிக் கூட்டிட்டு வா. லிஸ்ட்டே கெடையாது இங்க. வந்தவிய எல்லாரும் உக்காந்து பேசலாம்."

நாகஜோதி ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். ஓடும்போதுதான் காலையில் பார்த்த மனுவின் மூலை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. எண் 58. நேற்று எழுதியது. கதவுக்கு அடியில் வந்த தாளும் நேற்றுத்தான். ஐம்பத்தேழு.

 முத்துப்பேச்சி கண்ணீர் விடாமல் சொன்ன ஒரு சொல் ஞாபகம் வந்தது: தங்கமான மனுசன். எந்தத் தங்கம் எங்கே இருக்கிறது, எந்த வீட்டுப் பெண் எப்போது கழற்றுவாள் என்பதெல்லாம் மனு எழுதுகிறவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது சேக் முகைதீன் மடக்கு மேசைக்கு முன்னால் பணிவாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு மனு எழுதணும். தபால் ஆபீசுக்கு. எனக்கு வர வேண்டிய கடுதாசி ஒண்ணு வரல."

"அதுக்கென்ன பாய், உக்காருங்க," என்றார் விஜயபாண்டி. பேனா தாளில் இறங்கியது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. 1 என்று போட்டு ஒரு பத்தி. 2 என்று போட்டு ஒரு பத்தி. கடிதம் எத்தனை மணிக்கு வந்திருக்க வேண்டும் என்று கேட்டார். பத்தரை என்றார் சேக் முகைதீன். பேனா 1030 என்று எழுதியது.

அப்போது கேட்டுக்குள் ஒரு ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூன்று நாள் தாடியை அப்போதுதான் வழித்த முகம், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று புத்தகம். பின்னாலேயே ஓடி வந்த முத்துப்பேச்சி மூச்சு வாங்கினாள். கோர்ட்டுக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

"ரிப்போர்ட் பண்ணச் சொன்னாவ," என்றார் இருளப்பசாமி. "யாருட்டப் பண்ணணும்?"

விஜயபாண்டியின் பேனா நின்றது. "ஏலே இருளப்பா, நீ எதுக்கு இங்க வந்தே? லெட்டர் செல்லாமப் போயிருமே. போ, போ வீட்டுக்கு."

"கேப்டன் ஆர்டர்."

"அந்த ஆர்டர நான் பேசிக்கிடுதேன். நீ போ."

"செத்த நேரம் நிக்கட்டும் அண்ணாச்சி," என்றார் சேக் முகைதீன். "என் மனு முடிஞ்சிட்டா?"

முடிந்துவிட்டது. ஆனால் விஜயபாண்டியால் அதை அப்படியே கொடுக்க முடியவில்லை. அவர் கண் இருளப்பசாமி மேல் இருந்தது. கையோ தானாகத் தோல் பைக்குள் போய், நீளமான சிவப்பு அட்டை நோட்டு ஒன்றை எடுத்தது. பக்கத்தைத் திருப்பி, கோடு போட்ட கட்டத்தில் அடுத்த நம்பரை எழுதி, யாருக்கு, என்ன விஷயம் என்று எழுதி, அதே நம்பரை மனுவின் மூலையிலும் போட்டது. எண் 59. இருபத்துநாலு வருடம் அந்தக் கை, நம்பர் போடாத ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை. புயல் அடித்தாலும் போடும்.

"டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரா?" என்றாள் நாகஜோதி.

"ஆமா தாயி. வெளிய போற எந்தக் கடுதாசியும் இதுல..."

அவர் முடிக்கவில்லை. நோட்டு அவள் கையில் இருந்தது. எழுந்தார். சேக் முகைதீன் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். தபால் பை சுமந்த கை அது, கனம்.

நாகஜோதி ஒரு பக்கம் பின்னால் திருப்பி, வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள். அவள் குரல் ஒரு காலத்தில் இதற்காகவே சம்பளம் வாங்கியது.

"அம்பத்தெட்டு. டெல்லி. முத்துப்பேச்சி மனு. அம்பத்தேழு. சௌந்தரபாண்டியன், வீரக்கவசம். சனிக்கெழமைக்கான உத்தரவு." இரண்டு பக்கம் தள்ளினாள். "நாப்பத்தொண்ணு. ஹவில்தார் இருளப்பசாமி, தேவதானம். பாங்கு பாக்கி இல்லாச் சான்று. பக்கத்துல பைசல்னு போட்டிருக்கு. சிவப்பு மையில."

 வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்த மற்ற பத்துப் பட்டாளத்துக்காரர்களும் வரிசை கலையாமல் நின்றார்கள். திட்டியிருந்தால், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள்.

"ஏலே," என்றார் இருளப்பசாமி மெதுவாக. "என் அம்மா செத்தன்னைக்கு லீவு லெட்டர் அடிச்சுத் தந்தது நீதான. நைட்டோட நைட்டா கையெழுத்து வாங்கித் தந்தே."

"எனக்கும் கடன் இருந்துச்சு இருளப்பா. மாடி கட்டினேன். முடியல. ஒங்க பணத்தத் திருப்பித் தரணும்னுதான்..."

"கடனுக்கு வழி இல்லாமயா போச்சு ஒமக்கு?" சேக் முகைதீனின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "பாங்குல நேராப் போயிப் பேசியிருக்கலாம், வட்டியத் தள்ளியிருப்பான். இங்க வந்து உக்காந்திருக்கலாம், ஒத்த ரூவா ஃபீஸ் கெடையாது. முன்னாள் படைவீரர் நல ஆபீசுல கேட்டிருக்கலாம், அதுக்குன்னு ஆள் போட்டு வச்சிருக்கான். இது அம்புட்டும் ஒமக்குத் தெரியும். இவியளுக்குத் தெரியாது. தெரியாதுங்கறத வெல போட்டு வித்திருக்கீரு. சும்மா கெடைக்கிறதுக்கு லட்சத்து அறுவதாயிரம் வாங்கியிருக்கீரு. அதுலயும் சும்மா கெடைக்கிற வாசல்லயே உக்காந்துக்கிட்டு வாரவியளத் திருப்பி அனுப்புதீரு."

"பாய், மணி பன்னெண்டே முக்கால்," என்றாள் நாகஜோதி. "இவரு எங்கயும் போக மாட்டாரு. மேசைதான் போயிரும்."

உள்ளே பாங்கு மேசையில் மேனேஜர் கணக்கைப் பார்த்தார். அபராத வட்டி முழுக்கத் தள்ளுபடி, மற்ற வட்டியில் பாதி தள்ளுபடி. இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம், முப்பத்தாறு தவணை. முதல் தவணை அடுத்த மாதப் பென்ஷன் விழுந்த பிறகு. திங்கட்கிழமை ஏலம் ரத்து. இருளப்பசாமி ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தார். முதல் தடவை அவர் தலையாட்டவில்லை. இரண்டாவது தடவையும் ஆட்டவில்லை. முத்துப்பேச்சி அவர் முழங்கையைத் தொட்டபோது பேனாவைக் கேட்டார்.

"சம்மதக் கடிதம் ஒண்ணு எழுதித் தந்துருங்க சார், சேர்த்து வைக்கணும்," என்றார் மேனேஜர். "மத்தவங்களும். ரெண்டு மணிக்குள்ள."

பதினோரு கடிதம். முக்கால் மணி நேரம். நாகஜோதி வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே விஜயபாண்டி கோர்ட்டுப் போலீஸ்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் போய் அவர் முன்னால் தாள் கட்டை வைத்தாள்.

"எழுதுங்க. பதினோரு சம்மதக் கடுதாசி. நம்பர் போட்டு எழுதுங்க. காசு வாங்க மாட்டியளாமே."

எழுதினார். வேறு என்ன செய்வார்? அறுபதிலிருந்து எழுபது வரை, ஒரு அடித்தல் இல்லாமல், ஒவ்வொன்றையும் நோட்டில் பதிந்துகொண்டே எழுதினார். ஒன்று ஐம்பத்தைந்துக்குப் பதினோராவது கடிதம் மேசைக்குப் போனது. பேனாவை மூடப் போனவரிடம் போலீஸ்காரர், ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் எழுதலாம் என்றார்.

"நானே எழுதித் தாரேன்," என்றார் விஜயபாண்டி. அவர் குரலில் அத்தனைக்கும் நடுவில் லேசான கௌரவம் இருந்தது. "ஒங்க ஆளுக எழுதினா பத்தி பிரிக்க மாட்டாங்க."

எண் 71. பெறுநர், காவல் ஆய்வாளர். பத்தி ஒன்று, தன் பெயர், விலாசம். பத்தி இரண்டு, வீரக்கவசம் தொடங்கிய நாள். பத்தி மூன்று எழுதும்போது, எதிரே ஒரு நிழல் விழுந்தது. இருளப்பசாமி குனிந்து தாளைப் படித்தார். இந்தத் தடவையும் இரண்டு முறை.

"மூணாவது பத்தி தப்பு," என்றார்.

"எதுலே?"

"'கடனாகப் பெற்ற தொகை'ன்னு போட்டிருக்கே. கடன்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் வாங்கினது கடன்." விரலை அந்த வரியில் ஊன்றினார். "நீ திருடினே. அடிச்சிட்டு எழுது."

இருபத்துநாலு வருடமாக ஒரு தாளிலும் அடித்தல் விழாத அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அடித்தது.

இருளப்பசாமி பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்காரவில்லை. பெண்டாட்டி கையிலிருந்த மஞ்சப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பசிக்கிறது என்றார்.